குழுவாகக் கட்டும் மாதிரி ரயில் லேஅவுட்: வேலை வரிசையும் அளவுகளும்

இங்கே விவரிக்கும் லேஅவுட், அதாவது பலகைமேல் அமைக்கும் மாதிரி ரயில் பாதை, எச்.ஓ. அளவில் கட்டப்படுவது. நிஜத்தில் 87 மில்லிமீட்டர் இருப்பது இங்கே 1 மில்லிமீட்டர். தெற்கு ரயில்வேயில் மின்கம்பி வராத காலத்து ஒற்றைவழி அகலப்பாதை, அதில் ஒரு சிறிய ஸ்டேஷன். முன்பக்கத்தில் மெயின் லைன், வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன், சரக்கு ஏற்றி இறக்க ஒரு சைடிங். பின்பக்கத்தில், திரைக்கு அப்பால், வண்டிகள் காத்திருக்க நான்கு லைன். மொத்தம் 12 பலகைகள். வெளியளவு 6 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம். எட்டுப் பத்துப் பேர் வார இறுதிகளில் கூடி வேலை செய்ய ஏற்ற அளவு இது.

கிளப் லேஅவுட்டில் வண்டி தடம் புரள்வதும் நின்றுபோவதும் பெரும்பாலும் பலகையும் பலகையும் சேரும் இடத்தில்தான். ஆளுக்கொரு பலகையை வீட்டில் செய்து எடுத்துவரும்போது 1 மி.மீ. வித்தியாசமே போதும், எல்லாம் கெட்டுவிடும். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தது. மரம் நடும் ஆசை எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே வரும். அது 10-ஆம் படி.

## 1. பலகை வெட்டும் முன் எழுதி வைக்க வேண்டியவை

முதலில் வண்டியின் நீளத்தை முடிவு செய்யுங்கள். மற்ற எல்லா அளவும் அதிலிருந்துதான் வரும். சென்னை ஐ.சி.எஃப். ஆலை வகைப் பெட்டி ஒன்று பஃபரிலிருந்து (முனையிலுள்ள மோதுதாங்கி) பஃபர் வரை எச்.ஓ.வில் சுமார் 256 மி.மீ. நிஜமான 24 பெட்டி எக்ஸ்பிரஸை அப்படியே செய்தால் 6 மீட்டரைத் தாண்டும். நம் லேஅவுட்டே அவ்வளவுதான். ஏழு பெட்டியும் ஒரு டீசல் எஞ்சினும் என்றால் 2 மீட்டரில் அடங்கும். பார்ப்பவர்களுக்கு ஏழு பெட்டி 'முழு ரயில்' போலத் தோன்றும். நான்கு பெட்டி தோன்றாது.

அடுத்தது வளைவு. மிக நீளமான பெட்டியின் மூன்று மடங்குக்குக் குறைவான ஆரத்தில் பெட்டிகள் இழுபடும். பெட்டியின் உடல் 245 மி.மீ. என்பதால் 735 மி.மீ. வரும். இந்த லேஅவுட்டில் 800 மி.மீ. வைக்கிறோம். 450 மி.மீ. வளைவில் பொம்மைக் கடை எஞ்சின் சுற்றுவதைப் பார்த்துவிட்டு 'இடம் மிச்சமாகுமே' என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். நீளப் பெட்டிகளைச் சேர்த்துப் பின்னோக்கித் தள்ளச் சொல்லுங்கள், பேச்சு முடிந்துவிடும்.

தண்டவாள அகலத்திலும் ஒரு சமரசம் உண்டு. 1676 மி.மீ. அகலப்பாதை எச்.ஓ.வில் 19.3 மி.மீ. வரவேண்டும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. அகலத்தை நாமே திருத்தப் போனால் ஒவ்வொரு பாயிண்டையும் (லைன் பிரியும் தண்டவாள அமைப்பு) கையால் கட்ட வேண்டும், ஒவ்வொரு சக்கர அச்சையும் மாற்ற வேண்டும். முதல் லேஅவுட்டுக்கு 16.5 மி.மீ. என்றே முடிவு செய்து எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து இதே வாதம் திரும்ப வரும்.

எந்த இடத்தை மாதிரியாகக் கொள்வது என்ற கூட்டத்தில் பாம்பன் பாலமும் நீலகிரி மலை ரயிலும் கட்டாயம் வரும். பழைய பாம்பன் பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், எச்.ஓ.வில் அது மட்டுமே 23 மீட்டருக்கு மேல். நீலகிரி மீட்டர் கேஜ், அதிலும் பற்சக்கரப் பாதை. தண்டவாளம், எஞ்சின் எல்லாம் வேறு. இரண்டும் இரண்டாவது லேஅவுட்டுக்கான ஆசைகள்.

கடைசியாகப் பணமும் உரிமையும். பலகை, தண்டவாளம், மின்சாரம் கிளப்புக்குச் சொந்தம். எஞ்சினும் பெட்டிகளும் உறுப்பினர்களுக்குச் சொந்தம் என்று பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒருவர் விலகினால் என்ன எடுத்துப் போகலாம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

## 2. வாங்கும் பட்டியல்

- மேற்பலகைக்கு 9 மி.மீ. ப்ளைவுட், 8×4 அடி: 4 ஷீட். நேர்ப் பலகை 1200×600 மி.மீ.; ஒரு ஷீட்டில் நான்கு வரும், எட்டுக்கு 2 ஷீட். மூலைப் பலகை 1200×1200; ஒரு ஷீட்டில் இரண்டு, நான்குக்கு 2 ஷீட்.
- சட்டத்துக்கு 12 மி.மீ. ப்ளைவுட்: 3 ஷீட். 100 மி.மீ. பட்டையாக அறுத்தால், ரம்பத்தடம் போக ஒரு ஷீட்டில் 11 பட்டை கிடைக்கும்.
- வளைக்கக்கூடிய தண்டவாளம், 914 மி.மீ. நீளம்: 35. கணக்குப்படி 31 போதும்.
- நடுத்தர ஆரப் பாயிண்ட்: ஸ்டேஷனுக்கு 3, பின்பக்க லைன்களுக்கு 6, கையிருப்பு 1.
- 8 மி.மீ. உலோக டவல் (dowel: பலகைகளை நேர்ப்படுத்தும் முளையும் அது செருகும் குழியும்) ஜோடி 24. எம்8 போல்ட்டும் இறக்கை நட்டும் 24. கால்களின் அடிக்கு எம்8 போல்ட் 48.
- 2.5 சதுர மி.மீ. வயர் சிவப்பும் கறுப்பும் தலா 20 மீட்டர், 0.5 சதுர மி.மீ. வயர் அதே நிறங்களில் தலா 15 மீட்டர்.
- பலகைக்குப் பலகை வயரை இணைக்க எக்ஸ்.டி.60 கனெக்டர் 15 ஜோடி. ட்ரோன் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்.
- 3 ஆம்பியர் டி.சி.சி. (ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை) கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று.

தண்டவாளமும் பாயிண்டும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. கடைசியில் ஒரு துண்டு குறைந்தால் வாரக்கணக்கில் வேலை நிற்கும், அதற்காகத்தான் கையிருப்பு. எல்லாத் தண்டவாளமும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். 'கோட்' (code) 100, 'கோட்' 75 என்ற எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தண்டவாள உயரம். இரண்டையும் கலந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் படி விழும். முதல் லேஅவுட்டுக்கு 100 போதும். பழைய சக்கரங்களின் ஆழமான விளிம்பையும் அது தாங்கும்.

ப்ளைவுட்டில் ஐ.எஸ்.303 முத்திரையுடன் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரகம் கேளுங்கள். எம்.ஆர். (ஈரம் மட்டும் தாங்கும்) ரகம் கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலத்திலேயே நெளியும். 12 மி.மீ. என்று விற்பது சில சமயம் 11-தான் இருக்கும். சட்டத்துக்கான மூன்று ஷீட்டையும் ஒரே நாளில், ஒரே அடுக்கிலிருந்து, அளந்து பார்த்து வாங்குங்கள்.

## 3. சட்டம்

எல்லாப் பலகையையும் ஒரே ஆசாரியிடம், ஒரே இயந்திரத்தில் அறுக்கக் கொடுங்கள். வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்ளும் வேலை இது அல்ல.

நேர்ப் பலகைக்கு இரண்டு நீளப் பட்டை, அடுத்த பலகையோடு முட்டும் இரண்டு முகப்புப் பட்டை, நடுவில் இரண்டு குறுக்குப் பட்டை. குறுக்குப் பட்டைகளில் வயர் போக 25 மி.மீ. துளையை ஒட்டும் முன்பே போடுங்கள். பாயிண்ட் வரும் இடத்துக்கு நேர் கீழே குறுக்குப் பட்டை வரக்கூடாது, பாயிண்டை நகர்த்தும் மோட்டார் அங்கேதான் உட்கார வேண்டும். தண்டவாள வரைபடத்தை முழு அளவில் அச்சிட்டுப் பலகைமேல் விரித்துப் பார்த்தபிறகே பட்டையைப் பொருத்துங்கள்.

வெள்ளைப் பசையும் ஸ்க்ரூவும் சேர்த்து இணைத்து, இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 1 மி.மீ.க்குள் சமமாக இருந்தால்தான் மூலைகள் செங்கோணம். பிறகு மேல், கீழ், பக்கம் எல்லாவற்றிலும் பெயின்ட். மேலே மட்டும் அடித்தால் கீழ்ப்பக்கம் ஈரம் குடித்து, பலகை கிண்ணமாக வளையும்.

பலகை ஒவ்வொன்றுக்கும் நான்கு கால். தண்டவாளத்தின் மேல்மட்டம் தரையிலிருந்து 1100 மி.மீ. காலின் அடியில் உள்ள எம்8 போல்ட்டைத் திருகினால் இரண்டு செ.மீ. ஏற்ற இறக்கம் கிடைக்கும். கண்காட்சி வைக்கும் கல்யாண மண்டபத் தரைக்கு அது தேவைப்படும்.

## 4. முகப்பு: இதில் அவசரம் கூடாது

இரண்டு பலகைகள் முட்டும் பட்டையே முகப்பு. அதற்கு ஒரு துளை அச்சு தேவை. 5 மி.மீ. அலுமினியத் தகட்டை 600×100 மி.மீ. அளவில் வெட்டி, லேத் பட்டறையில் நான்கு துளை போட்டு வாங்குங்கள்: டவலுக்கு இரண்டு, போல்ட்டுக்கு இரண்டு. மரத்தில் அச்சு செய்தால் நான்காவது பலகைக்குள் துளை தேய்ந்து அகன்றுவிடும்.

அச்சை எப்போதும் பலகையின் மேல்விளிம்பையும் முன்விளிம்பையும் ஒட்டி வையுங்கள். ஒரு முகப்புக்குக் கீழ்விளிம்பையும் இன்னொன்றுக்கு மேல்விளிம்பையும் அளவாகக் கொள்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. பட்டையின் அகலம் துளி மாறினாலும் தண்டவாளம் படியாக நிற்கும்.

டவல் துளை இறுக்கமாக இருக்க வேண்டும். எம்8 போல்ட்டுக்கோ 10 மி.மீ. துளை. போல்ட் இழுத்துப் பிடிக்க மட்டுமே. நேர்ப்படுத்துவது டவலின் வேலை. போல்ட் துளையையும் இறுக்கமாகப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, எதுவுமே சேராது.

பதினொரு பலகைகளைச் சேர்த்து நிறுத்தியபிறகு, பன்னிரண்டாவதை மீதியுள்ள இடைவெளியை அளந்து செய்யுங்கள். வட்டமாக மூடும் லேஅவுட்டில் சின்னச் சின்னப் பிழைகள் கடைசி இணைப்பில்தான் வந்து கூடும். அந்தப் பலகை 1197 மி.மீ. ஆனாலும் 1203 ஆனாலும் யாருக்கும் தெரியாது. பக்கவாட்டுப் பலகையாக அதை வைத்துக்கொண்டால், உள்ளே ஆள் போய்வரக் கழற்றும் வாசலாகவும் பயன்படும்.

## 5. தண்டவாளம் பதித்தல்

முகப்பில் தண்டவாளத்தின் நடுக்கோடு வெளிவிளிம்பிலிருந்து 300 மி.மீ. முகப்பிலிருந்து முதல் 100 மி.மீ. நேராக, மட்டமாக, முகப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மூலைப் பலகையில் 1200-இலிருந்து 300-ஐயும் 100-ஐயும் கழித்தால் 800. வளைவின் ஆரம் அங்கிருந்துதான் வந்தது. அந்த 100 மி.மீ.க்குள் பாயிண்ட் வைக்காதீர்கள்.

நடுத்தரப் பாயிண்ட் 219 மி.மீ. நீளம். ஸ்டேஷனின் மூன்று பலகை 3600 மி.மீ.; இரு முனையிலும் 100, பாயிண்ட் 219, லைன்கள் பிரிந்து விலக இன்னும் 200 கழித்தால் லூப்பில் சுமார் 2560 மி.மீ. மிஞ்சும். 2 மீட்டர் வண்டி தாராளமாக நிற்கும். பின்பக்கத்தில் பாயிண்ட்கள் வரிசையாக வருவதால் கடைசி லைன்கள் 2 மீட்டரை ஒட்டியே இருக்கும். குட்டைச் சரக்கு வண்டியை அங்கே விடுங்கள்.

பக்கத்துப் பக்கத்து லைன்கள் நேரான இடத்தில் 51 மி.மீ. இடைவெளியில் ஓடலாம். வளைவில் இரண்டு லைன் போட்டால் குறைந்தது 60. 800 மி.மீ. ஆரத்தில் பெட்டியின் நடு உள்பக்கமாக 4.5 மி.மீ. தள்ளும், முனை வெளிப்பக்கமாக 5 மி.மீ. நீளும். 51-லேயே விட்டால், இரு பெட்டிகள் சந்திக்கும்போது இடைவெளி மிகக் குறைந்துவிடும்.

கீழே 3 மி.மீ. கார்க், அதன்மேல் தண்டவாளம். சத்தம் குறைவதற்கும், ஜல்லி மேட்டின் சரிவு இயல்பாகத் தெரிவதற்கும் கார்க் வேண்டும். ஒட்டுவதற்கு மெல்லிய பூச்சு அக்ரிலிக் சீலன்ட் போதும். பின்னால் தகட்டுக் கத்தியை நுழைத்துப் பெயர்க்கலாம். பாயிண்டின் நகரும் பாகத்துக்குக் கீழே ஒரு சொட்டுப் பசைகூடப் போகக்கூடாது.

எல்லா இணைப்பையும் சால்டர் செய்துவிடாதீர்கள். வளைவில் வரும் இணைப்பை மட்டும், நேராக வைத்துச் சால்டர் செய்தபின் வளையுங்கள். இல்லாவிட்டால் முட்டி மடங்கும். நேரான இடத்தில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். வெயிலில் தண்டவாளம் நீள்வதைவிட, மழைக்காலத்துக்குப் பின் மரம் காய்ந்து சுருங்குவதுதான் தண்டவாளத்தை அதிகம் நெளிக்கும்.

## 6. பலகை விளிம்பில் வெட்டுதல்

இரண்டு பலகைகளையும் டவல், போல்ட் போட்டு இறுக்கிய பிறகு, தண்டவாளத்தை இணைப்பின் மேல் ஒரே துண்டாக ஓட விடுங்கள். விளிம்பின் இரு பக்கமும், தண்டவாளத்துக்கு நேர் கீழே, பித்தளை ஸ்க்ரூவை இறக்கி அதன் தலையில் தண்டவாளத்தைச் சால்டர் செய்யுங்கள். ஸ்க்ரூவின் உயரத்தைத் திருகித் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். தண்டவாளத்தை அமுக்கிச் சால்டர் செய்தால் பள்ளம் நிலைத்துவிடும்.

ஆறியபின் மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் இணைப்புக்கு நேராக வெட்டுங்கள். கண்ணாடி போடாமல் யாரும் டிஸ்க்கைத் தொடக்கூடாது. வெட்டிய முனையின் உள்விளிம்பை அரத்தால் லேசாகச் சாய்த்துவிடுங்கள். இரண்டு பலகையில் தனித்தனியாகத் தண்டவாளம் பதித்துவிட்டு 'பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்றால் அது சேரவே சேராது.

## 7. மின்சாரம்

பலகையின் அடியில், நீளத்துக்கும் 2.5 சதுர மி.மீ. வயர் ஜோடி ஓடும், இதுதான் பஸ். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் 0.5 சதுர மி.மீ. வயர் இறங்கி, 25 செ.மீ.க்குள் பஸ்ஸில் சேர வேண்டும். இணைப்புத் தகடு மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பாதீர்கள். புதிதில் கடத்தும், கறுத்துப்போனதும் எஞ்சின் தயங்கித் தயங்கி நிற்கும், காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

லேஅவுட்டுக்கு வெளியே நின்று பார்க்கும்போது அருகிலுள்ள தண்டவாளம் சிவப்பு, உள்பக்கம் கறுப்பு. பன்னிரண்டு பலகைக்கும் இதே விதி. கனெக்டரில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் ஆண். பாயிண்ட் மோட்டாருக்கான மின்சாரத்தைத் தனி வயரில், வேறு அளவுக் கனெக்டரில் கொண்டுபோங்கள். ஒரே கனெக்டரை இரண்டுக்கும் வைத்தால், அவசரத்தில் யாராவது மாற்றிச் செருகி எதையாவது எரித்துவிடுவார்கள்.

பஸ்ஸை வளையமாக மூட வேண்டாம். கட்டுப்பாட்டுக் கருவிக்கு நேர் எதிர்ப்புறம் ஒரு கனெக்டரைச் செருகாமல் விட்டு, அந்த இடத்தில் தண்டவாளத்தையும் பலகை வெட்டோடு பிரிந்தே இருக்க விடுங்கள்.

பாயிண்டின் நடுவில் தண்டவாளங்கள் குறுக்கிடும் பாகம் ஃப்ராக். உலோக ஃப்ராக் உள்ள ரகம் வாங்கினால், அதிலிருந்து வெளியேறும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பு போடுவது கட்டாயம். மறந்தால் பாயிண்டை மாற்றியதும் ஷார்ட். பாயிண்டோடு சேர்ந்து ஃப்ராக்கின் மின்முனையையும் மாற்றும் சுவிட்ச் மோட்டாரில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஃப்ராக்கில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் குட்டை எஞ்சின்கள் அதன்மேல் நின்றுவிடும்.

வயரிங் முடிந்ததும் ஒரு ரூபாய் நாணயச் சோதனை. இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே நாணயத்தை வையுங்கள். கட்டுப்பாட்டுக் கருவி உடனே துண்டிக்க வேண்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலும், பாயிண்டுக்கு அப்பாலும் வைத்துப் பாருங்கள். துண்டிக்காத இடத்தில் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அங்கே வண்டி தடம் புரண்டு ஷார்ட் ஆனால் சக்கரமும் பெட்டியின் பிளாஸ்டிக்கும் உருகும்.

## 8. வண்டிகளைத் தேர்வுக்கு உட்படுத்துதல்

தடம் புரண்டால் எல்லோரும் தண்டவாளத்தைத் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றவாளி சக்கரம். ஒரு அச்சின் இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே 14.4 மி.மீ. இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. (தேசிய மாதிரி ரயில் சங்கம்) வெளியிடும் எச்.ஓ. அளவுத் தகடு ஒன்று கிளப்பில் இருந்தால், சக்கரம், தண்டவாளம், பாயிண்ட் மூன்றையும் அதிலேயே சோதிக்கலாம்.

எடைக்கும் அவர்கள் பரிந்துரை உண்டு: அடிப்படை 1 அவுன்ஸ், நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஐ.சி.எஃப். பெட்டிக்கு இது சுமார் 165 கிராம். குறைவாக இருந்தால் தரைக்கு அருகில், போகிகளுக்கு (பெட்டியின் அடியிலுள்ள சக்கரத் தொகுதிகளுக்கு) நடுவே எடை சேருங்கள். கூரையில் ஒட்டினால் வளைவில் சாயும்.

தேறிய பெட்டியின் அடியில் ஒரு புள்ளி பெயின்ட் வையுங்கள். புள்ளி இல்லாத பெட்டி கிளப் லேஅவுட்டில் ஏறக்கூடாது, யாருடையதாக இருந்தாலும்.

## 9. ஓட்டிப் பார்த்து, பிறகு ஜல்லி

ஜல்லி போட்டபின் தண்டவாளத்தைத் திருத்துவது நரகம். ஆகவே ஏழு பெட்டியை இழுத்து ஒரு முறை, தள்ளி ஒரு முறை, எல்லா லைனிலும் ஓட்டுங்கள். தள்ளும்போதுதான் மறைந்திருக்கும் கோணல் வெளிவரும். தடம் புரண்ட இடத்தில் வண்ணக் காகிதத்தை ஒட்டி, தேதி எழுதுங்கள். ஒரே இடத்தில் மூன்று காகிதம் சேர்ந்தால் அங்கே தண்டவாளக் கோளாறு. ஒரே பெட்டியின் பெயர் பல இடங்களில் வந்தால் பெட்டிக் கோளாறு. பலகைகளை ஒரு முறையாவது முழுக்கக் கழற்றி மாட்டி, மறுபடி ஓட்டுங்கள்.

இந்திய ரயில்வேயின் ஜல்லி 65 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ. வரை. எச்.ஓ.வில் அது முக்கால் மி.மீ.க்குள் அடங்க வேண்டும். பெரும்பாலான கிளப் லேஅவுட்களில் பாறாங்கல் அளவில் கிடக்கும். எம்-சாண்டை இரண்டு சல்லடையில் சலித்து, கழுவி, காயவைத்து, காந்தத்தை அதன்மேல் ஓட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் எஞ்சின் மோட்டாருக்குள் போய்ச் சேரும்.

தூவி, மென்மையான பிரஷ்ஷால் ஸ்லீப்பர்களுக்கு நடுவே ஒதுக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து நனையுங்கள். பிறகு 1 பங்கு வெள்ளைப் பசை, 4 பங்கு தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். நனைக்காமல் விட்டால் பசை உருண்டையாக நின்று ஜல்லியைத் தள்ளிப் பள்ளம் செய்யும். பாயிண்டின் நகரும் பாகத்தைச் சுற்றிப் பசையே இல்லாமல் மிகக் கொஞ்சம் தூவுங்கள். காயும்வரை மணிக்கொரு முறை பாயிண்டை அசைத்துப் பாருங்கள்.

## 10. பிளாட்பாரமும் மண்ணும் மரமும்

உயர்மட்டப் பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 9 மி.மீ. உயரம், விளிம்பு லைன் நடுவிலிருந்து 21 மி.மீ. ஒட்டும் முன் கிளப்பின் மிக அகலமான பெட்டியைத் தள்ளிப் பாருங்கள். பிளாட்பாரம் நேர்ப் பாதையில் மட்டும்.

மேடு பள்ளத்துக்குத் தெர்மாகோல் போதும். அதன்மேல் கரைப்பான் கலந்த ரப்பர் பசையோ ஸ்ப்ரே பெயின்டோ பட்டால் கரைந்து குழியாகும். வெள்ளைப் பசையும் தண்ணீர் கலக்கும் பெயின்டும் மட்டுமே. மண்ணுக்கு நிஜச் செம்மண்ணையே சலித்து, அடுப்பில் வறுத்துப் பயன்படுத்துங்கள்; வறுக்காவிட்டால் பூச்சியும் புல்லும் முளைக்கும்.

மரங்களை எல்லோரும் குட்டையாகச் செய்கிறார்கள். 15 மீட்டர் பனை இங்கே 17 செ.மீ. பக்கத்தில் நிற்கும் ரயில் பெட்டியைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு உயரம். அப்படி நான்கு பனை நின்றால் ஸ்டேஷன் நம்பும்படி இருக்கும். பலகை விளிம்பிலிருந்து 50 மி.மீ.க்குள் மரமோ கட்டடமோ வேண்டாம். தூக்கும்போது கை படுவது அங்கேதான்.

## 11. கழற்றுதல், மாட்டுதல்

மாட்டுவது ஸ்டேஷனின் நடுப்பலகையில் தொடங்க வேண்டும். அதை ரசமட்டம் வைத்து நிறுத்தி, இரு பக்கமும் பரவிச் செல்லுங்கள். வாசல் பலகை கடைசி. முனையிலிருந்து தொடங்கினால் தரைச் சரிவு முழுவதும் மறுமுனையில் கூடி, கால் போல்ட் எட்டாது.

எடுத்துச் செல்ல, ஒரே அளவுப் பலகைகளை முகத்துக்கு முகம் திருப்பி, இரு முனையிலும் 12 மி.மீ. ப்ளைவுட் தட்டை எம்8 போல்ட்டால் பூட்டுங்கள். பனை இருக்கும் பலகைகளுக்கு 250 மி.மீ. இடைவெளி வேண்டும், மற்றவற்றுக்கு 150. ஓட்டுக்கூரையின் கீழ்ப் பரணில் வைக்காதீர்கள், சூட்டில் ஸ்லீப்பர் நெளியும்.

தண்டவாளத்தைத் துடைக்க ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுத் துணி. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்; அது போடும் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். ஒவ்வொரு பலகையின் அடியிலும் ஒரு அட்டையை ஒட்டி, வயர் வரைபடத்தையும் கடைசியாகச் செய்த பழுதையும் எழுதி வையுங்கள். கண்காட்சிக் காலையில் அந்தப் பலகையைச் செய்தவர் ஊரில் இருக்கமாட்டார்.